கோட்டைச் சிறையில் மாண்ட துபாஷி



பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து கலியாணச் சாமான் வாங்கவோ, கச்சேரி வேலையாகவோ புதுவைப் பட்டணத்துக்குப் போய்வருகிற நீங்கள், அங்கே நைனியப்ப பிள்ளை வீதி என்று ஒரு தெரு இருப்பதை அறிவீர்கள். பலகையிலுள்ள பெயரை வாசிக்கிறோம். வீட்டு இலக்கத்தைத் தேடிக்கொண்டு நடந்துவிடுகிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரோடு அந்தப் பட்டணத்தில் வாழ்ந்த ஒருவரின் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறோம். அவர் பெரிய தனவந்தர். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி. ஆனாலும் 1717-ம் ஆண்டில் அவருடைய உயிர் பிரிந்தது சொந்த வீட்டில் அல்ல, கோட்டைச் சிறையில். கடைத்தெருவில் ஊரார் பார்க்க ஐம்பது கசையடி விதிக்கப்பட்ட கைதியாக அவர் இறந்தார்.

அவர் கிறிஸ்தவர் அல்ல. அவரைச் சிறைக்கு அனுப்பியவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் குருக்களும் உண்டு. இதை மூடி மறைத்துச் சொன்னால் கதை பாதியாகிவிடும். ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். பொறுமையோடு வாசியுங்கள்.

அந்நாளைய புதுவை எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். 1674-ம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் கும்பினிக்காக நிலைநாட்டிய ஊர் அது. நடுவே ஒலாந்தர் பிடித்துக்கொண்டு, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கடலோரம் கோட்டை, அதையடுத்து வெள்ளைக்காரர் வீடுகள், அதற்கு மேற்கே தமிழர் தெருக்கள். நம்முடைய வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சுக்காரருக்குச் சொந்தமாயிருக்கவில்லை. அவை அவர்கள் கைக்கு வந்தது அந்த நூற்றாண்டின் நடுவில்தான். ஆகவே பட்டணத்தை விட்டு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வேறொரு துரைத்தனத்தின் பூமிக்கு வந்துவிடலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது உதவும்.

கும்பினியார் இங்கே வந்தது துணிக்காக. கிராமங்களில் நெசவாளர் நெய்கிற பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எந்தச் செட்டியாரை நம்பலாம், எந்த ஊரில் எந்த ரகம் கிடைக்கும், முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரியாது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் நடுவே நிற்க வேண்டும். அவரே துபாஷி, இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். தலைமைத் துபாஷியாயிருப்பவர் வெறும் தரகர் மட்டுமல்ல, பட்டணத்துத் தமிழ்க் குடிகளுக்கெல்லாம் தலைவராகவும் மதிக்கப்பட்டார். குடிகளின் வழக்குவியாச்சியம், முறையீடு எல்லாம் அவர் மூலமாகவே கவர்னர் காதுக்கு எட்டும். துரைக்கு ஒரு கண்ணும் ஒரு நாக்கும் அவரே. அப்படிப்பட்ட இடத்தில் உட்காருகிறவனுக்குப் பணமும் சேரும், பகையும் சேரும்.

நைனியப்ப பிள்ளை சென்னைப் பக்கத்திலிருந்து புதுவைக்கு வந்து வியாபாரத்தில் தழைத்தவர். 1708-ம் ஆண்டில் கவர்னராயிருந்த எபேர் துரை அவரைத் தலைமைத் துபாஷியாக்கினார். இந்தப் பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள். உயர்த்திய கையே பிறகு தள்ளிற்று. நைனியப்பருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் அவரோடுகூட வியாபாரத்தில் இருந்தார். திருவேங்கடம் பிள்ளைக்கு 1709-ல் ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளை யாரென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்; நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைதான்.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம். அக்காலத்தில் புதுவையில் மூன்று சபைக் குருக்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரருக்குப் பங்குக் குருக்களாகக் கப்புச்சீன் சபையார். தமிழ்க் கிறிஸ்தவர்களை நடத்திவந்தவர்கள் சேசு சபையார். இவர்களன்றி, பாரீஸ் அந்நிய வேதபோதக சபையாரும் ஒரு வீடு வைத்திருந்தார்கள். மூவரும் ஒரே விசுவாசத்தைப் போதித்தார்களேயன்றி, மூவருக்குள்ளும் ஒற்றுமை மிகக் குறைவு. இது நமக்கு வருத்தமான செய்தி. ஆனால் அக்காலத்துக் கடிதங்களைப் பார்த்தால் மறைக்க முடியாத செய்தி.

கும்பினியின் தலைமைத் துபாஷி கிறிஸ்தவனாயிருக்க வேண்டும் என்பது சேசு சபையாரின் பிடிவாதமான எண்ணம். நைனியப்பருக்கு முன் அந்தப் பதவியில் கிறிஸ்தவக் குடும்பத்தார் இருந்தார்கள். ஊரிலே தலைவர் எந்த வழி போகிறாரோ அந்த வழியே குடிகளும் போவார்கள். துபாஷி வேதத்தில் சேர்ந்தால் ஆயிரம் பேர் சேருவார்கள். அவர் கோவிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டிருந்தால் ஆயிரம் பேர் தயங்குவார்கள். இதுவே அவர்கள் கணக்கு. ஆத்துமங்களைப் பற்றிய கவலையாகவே அது தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கவலை கும்பினியின் உத்தியோகத்தையும் ராஜாவின் கட்டளையையும் கருவியாக எடுத்துக்கொண்டபோது வேறொன்றாக மாறிற்று. பிரான்சுக்கு மனு மேல் மனு போயிற்று. ஆறு மாதத்துக்குள் நைனியப்பர் ஞானஸ்நானம் பெறவேண்டும், இல்லாவிட்டால் பதவியை விட வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவும் வந்தது. ஞானஸ்நானத்துக்குத் தவணை வைத்த உத்தரவு! நைனியப்பர் மதம் மாறவில்லை. ஆனாலும் கும்பினியார் அவரை நீக்கவும் துணியவில்லை, ஏனென்றால் அவரில்லாமல் துணி வராது. கடைசியில் கிறிஸ்தவர் ஒருவரை அவரோடு இணையாக வைத்துச் சமாளித்தார்கள்.

இங்கே ஒரு சிறு சங்கதி. நைனியப்பர் ஒரு சமயம் ஏழைக் கிறிஸ்தவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தர்மம் செய்தார். அப்போது அவர்களுக்கு ஜெபமாலைகளும் வழங்கினார். இந்துவான ஒரு தனவந்தர், கிறிஸ்தவ ஏழைகளுக்கு அவர்கள் விரும்புகிற பொருள் எதுவென்று அறிந்து கொடுத்தார் என்று நாம் நினைப்போம். அக்காலத்துச் சேசு சபையார் அப்படி நினைக்கவில்லை. நம்முடைய மந்தையைத் தம் வசமாக்கப் பார்க்கிறார் என்று கோபப்பட்டார்கள். மனம் கசந்துவிட்டால் கொடுத்த ஜெபமாலையும் குற்றமாகிவிடும்.

1715-ம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு பெரிய கலக்கம் உண்டாயிற்று. அப்போது கவர்னர் துலிவியே என்பவர். குருக்களின் வற்புறுத்தலால் இந்துக்களின் பொது வழிபாட்டுக்குச் சில தடைகள் விதிக்கப்பட்டன. குடிகள் என்ன செய்தார்கள்? கத்தி எடுக்கவில்லை, கல் எறியவில்லை. ஊரை விட்டுப் போய்விடுவதென்று புறப்பட்டார்கள். முன்னே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: பட்டணத்தின் எல்லை சிறியது, மேற்கே நடந்தால் கும்பினியின் அதிகாரம் முடிந்துபோகும். நெசவாளரும் வண்ணாரும் கூலிக்காரரும் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது கோட்டையும் வெள்ளைக்காரரும் மட்டுமே. கும்பினியார் பயந்து இறங்கி வந்தார்கள், குடிகளும் தங்கினார்கள். அன்றைக்கு அவமானமடைந்தவர்கள் இதை மறக்கவில்லை. இத்தனை பேரைக் கிளப்பிவிட்டது யார் என்று கேட்டுக்கொண்டார்கள். விடையும் தயாராக வைத்திருந்தார்கள்.

அதே வருஷத்தில் எபேர் துரை பிரான்சிலிருந்து மறுபடியும் அதிகாரத்தோடு வந்து இறங்கினார், தம் மகனையும் கூட்டிக்கொண்டு. நடுவில் அவர் பதவி இழந்து, செல்வாக்கும் இழந்து நின்றவர். மீண்டும் எழுந்துநிற்க அவருக்குப் பிரான்சு தேசத்தில் ஆதரவு வேண்டியிருந்தது. சேசு சபையாருக்கோ அங்கே ராஜசபை வரையில் செல்வாக்கு உண்டு. நைனியப்பரைத் தள்ளிவிடுவதாக எபேர் வாக்குக் கொடுத்தே அந்த ஆதரவைப் பெற்றார் என்று பிற்பாடு அவருடைய விரோதிகள் எழுதினார்கள். இவரே நைனியப்பரிடம் பணம் பிடுங்கப் பார்த்தார், அது சரிவராமற்போகவே பகைத்தார் என்றும் சொன்னார்கள். பணமா, பதவியா, இரண்டுமா என்று நாம் இப்போது தராசில் நிறுக்க வேண்டியதில்லை.

1716-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நைனியப்பர் பிடிக்கப்பட்டார். அவரோடு மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும், கூட்டாளியான ராமநாதன் என்பவரும் அகப்பட்டார்கள். நைனியப்பர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் இரண்டு: குடிகளைக் கொடுமைப்படுத்தினார் என்பது ஒன்று, முந்தின வருஷத்துக் கலகத்தைத் தூண்டினார் என்பது மற்றொன்று. ஒரே மனிதர் குடிகளை உபத்திரவப்படுத்தவும் வேண்டும், அந்தக் குடிகள் அவர் சொல்லுக்கு ஊரையே விட்டுப் புறப்படவும் வேண்டும்! இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அன்று கேட்டவர் இல்லை.

வாசகரே, இந்த விசாரணையைச் சற்று நிதானமாய்ப் பாருங்கள். கதையில் முக்கியமான இடம் இதுதான்.

வழக்கைக் கேட்டது கும்பினியின் மேலான ஆலோசனைச் சபை. 1701-ல் ராஜ கட்டளையால் ஏற்பட்ட சபை அது. காலையில் துணி விலை பேசுகிற அதே வர்த்தகர்கள்தான் அங்கே நியாயாதிபதிகளாய் உட்காருவார்கள். அதற்குத் தலைவர் கவர்னர். குற்றம் சாட்டியவரும் கவர்னர். கைதிக்கு வக்கீல் கிடையாது. தமக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னவர்களை எதிரில் நிறுத்திக் கேட்கவும் அவருக்கு இடமில்லை.

அடுத்தது பாஷை. நைனியப்பருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் போர்த்துகேய பாஷை நன்றாய்த் தெரியும். அந்நாளில் கடலோரப் பட்டணங்களில் வெள்ளைக்காரரும் நம்மவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அதில்தான். கும்பினியாரோடு வருஷக்கணக்காக அவர் வியாபாரம் பேசியதும் அதில்தான். ஆயினும் நியாயஸ்தலத்தில் அவருக்கும் நியாயாதிபதிகளுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வைக்கப்பட்டான். அவன் பெயர் மனுவேல். சேசு சபையாரின் உபதேசியார் மகன். இருபுறத்து நாக்கும் அவனுடையதாயிற்று. துபாஷியாயிருந்து பிழைத்த ஒருவர், இன்னொரு துபாஷியின் வாய்க்குத் தப்ப முடியாமற்போனார். இதைவிட விபரீதம் வேறென்ன வேண்டும்?

சாட்சிகளின் கதை அதைவிட மோசம். ஏழைகளும் எழுத்தறியாதவர்களுமான பலர் கூப்பிடப்பட்டார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதே தெரியாது. எழுதியது பிரெஞ்சில், சொன்னது தமிழில். சொன்னதும் எழுதினதும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் ஆகாது. சில வருஷம் கழித்து மறுவிசாரணை நடந்தபோது இதையெல்லாம் அவர்களே வந்து சொன்னார்கள். நம்மில் எத்தனை பேர், தாலுக்காக் கச்சேரியிலோ வட்டிக்கடையிலோ வாசிக்காமலே கைநாட்டு வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சாட்சிகளை அதிகமாய்க் குறைசொல்ல மனம் வராது. குறை, காகிதத்தை நீட்டினவர்களுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சேசு சபையைச் சேர்ந்த புஷே என்ற குருவானவர், 1714-ம் ஆண்டில் புதுவையிலிருந்து பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நம் நாட்டு மக்கள் சட்டப் புத்தகங்கள் இல்லாமலே, பழமொழிகளையும் வழக்கங்களையும் கொண்டு எவ்வளவு நேர்த்தியாக நியாயம் தீர்க்கிறார்கள் என்பதை அங்குள்ள ஒரு நியாயாதிபதிக்கு அதில் விளக்கியிருக்கிறார். நம் கிராமத்து ஆலமரத்தடிப் பஞ்சாயத்துக்கு அந்நாளில் ஒரு ஐரோப்பியர் தந்த நற்சாட்சிப் பத்திரம் என்றே அதைச் சொல்லலாம். அந்தக் கடிதம் போய் இரண்டு வருஷம் ஆவதற்குள், அதே ஊரில் நைனியப்பர் வழக்கு இந்த விதமாய் நடந்தேறிற்று.

ஜூன் மாதம் 5-ம் தேதி தீர்ப்பு. பெரிய கடைத்தெருவில் ஐம்பது கசையடி. மூன்று வருஷச் சிறை. அதன்பின் புதுவையை விட்டு என்றென்றைக்கும் தேசாந்தரம். ஆஸ்தி முழுவதும் பறிமுதல். அதற்குமேல் 8,888 வராகன் அபராதம். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டபின் அபராதத்தை எதிலிருந்து கட்டுவது என்று தீர்ப்பு எழுதினவர்கள் சொல்லவில்லை.

கடைத்தெருவில் அடிப்பது ஏன்? வலிக்காக மட்டும் என்றால் சிறைக்குள்ளேயே அடித்திருக்கலாம். நேற்றுவரை எந்தத் தெருவில் அவர் நடந்தால் வியாபாரிகள் எழுந்து நின்றார்களோ, அந்தத் தெருவில் அவர் முதுகு எல்லாருக்கும் தெரிய வேண்டும். சாட்டை அவர் முதுகுக்கு, காட்சி ஊராருக்கு. பதவி, கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்த பெத்ரோ என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. திருவேங்கடம் பிள்ளைக்கும் ராமநாதனுக்கும் தேசாந்தரம் விதித்தார்கள். ஆனந்தரங்கன் அப்போது ஏழு வயதுச் சிறுவன்.

மூன்று வருஷச் சிறையில் நைனியப்பர் பாதியைக்கூடக் கழிக்கவில்லை. 1717-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தீர்ப்பாகி ஏறக்குறைய பதினாலு மாதத்தில், கோட்டைக்குள்ளேயே இறந்துபோனார்.

இந்த இடத்தில் நம் நினைவு அர்ச். தேவசகாயம் பிள்ளையிடம் போகாமலிராது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் உத்தியோகஸ்தராயிருந்து, 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு கைதியாகி, ஊரூராய் அவமானமாக நடத்தப்பட்டு, 1752-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022-ம் ஆண்டில் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கப்பட்டபோது நம் கோவில் மணிகள் ஒலித்தன. கிறிஸ்தவரானதற்காகக் கைதியானவர் அவர். நைனியப்பரோ, கிறிஸ்தவராகாததும் ஒரு காரணமாகக் கைதியானவர். இவருக்காக மணி அடிக்க நாம் கடமைப்பட்டவர்கள் அல்ல. இவர் வேதசாட்சியும் அல்ல. ஆனால் பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கற்பனையில், எந்த மதத்தவனுக்கு விரோதமாக என்று பிரித்துச் சொல்லப்படவில்லை என்பதை ஞானோபதேசம் படிக்கிற பிள்ளையும் அறியும்.

கைதி இறந்தான், காகிதம் முடிந்தது என்றே எபேர் துரை நினைத்திருப்பார். முடியவில்லை. நைனியப்பரின் மக்களும், திருவேங்கடம் பிள்ளையும், ராமநாதனும் பிரான்சுக்கு மேல்முறையீடு எழுதினார்கள். கடிதம் கப்பலேறினால் அந்தக் கரை சேர ஆறு மாதம், மறுமொழி வர இன்னும் அத்தனை மாதம். காற்றும் காலமும் ஒத்துக்கொண்டால்தான் அதுவும். இவர்களுக்குத் துணையாக இரண்டு பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பக்கம் சேன்மாலோ என்ற பிரெஞ்சுத் துறைமுகத்து வர்த்தகர்கள். அந்தக் காலத்தில் கும்பினிக்குப் பதிலாகப் புதுவை வியாபாரத்தை நடத்தியவர்கள் அவர்களே. நைனியப்பரைச் சிறையிலிட்டதால் தங்களுக்கு நஷ்டம் என்று கொதித்தார்கள். மறு பக்கம், பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள். ஆம், வாசகரே, குருக்கள் சிலர் கைதியின் பக்கம் நின்றார்கள். சேசு சபையாரோடு அவர்களுக்கிருந்த பிணக்கும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்துவான ஒருவரின் நியாயத்துக்காக அவர்கள் எழுதினார்கள். பிற்காலத்தில் சேசு சபை கலைக்கப்பட்டபின், 1776-ல் புதுவை மிஷன் வந்து சேர்ந்தது இந்தச் சபையார் கைக்குத்தான்.

பிரான்சில் காலமும் மாறியிருந்தது. பதினாலாம் லூயி ராஜா 1715-ல் மாண்டு, பட்டத்துக்கு வந்தவர் சிறுபிள்ளையானதால், ஓர்லேயான் பிரபு ராஜப்பிரதிநிதியாய் ஆண்டுகொண்டிருந்தார். 1718-ல் எபேர் பதவி இழந்தார். லா பிரெவோஸ்தியேர் என்பவர் கவர்னரானார். எபேரும் அவர் மகனும் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். புதுவையில் சாட்சிகள் மறுபடியும் விசாரிக்கப்பட்டார்கள். இந்தத் தடவை, தாங்கள் சொன்னது வேறு, எழுதப்பட்டது வேறு என்பது வெளிப்பட்டது. கடைசியில் ராஜாவின் ஆலோசனைச் சபை பழைய தீர்ப்பைத் தள்ளி, நைனியப்பர் குற்றமற்றவர் என்று விளங்கச் செய்தது. அதற்குள் அவர் இறந்து மூன்று வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆஸ்தியைத் திருப்பிக் கொடுக்கலாம். முதுகில் விழுந்த அடியைத் திருப்ப எந்த நியாயஸ்தலத்தால் ஆகும்?

எந்தக் கதைக்காரனும் துணிந்து எழுதாத திருப்பம் இனித்தான் வருகிறது. நைனியப்பரின் மூத்த மகன் குருவப்ப பிள்ளை, தகப்பன் பெயரை மீட்கத் தாமே கடல் கடந்து பாரீஸ் போனார். அங்கே அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? ராஜப்பிரதிநிதியான ஓர்லேயான் பிரபுவே. சார்ல் பிலிப் லூயி குருவப்பா என்று பெயரிட்டார்கள். அதோடு அர்ச். மிக்கேல் பெயரால் விளங்கிய ராஜ விருதையும் தந்து, ஷெவாலியே என்ற பட்டத்தோடு அனுப்பினார்கள். 1722-ல் அவர் புதுவைக்குத் திரும்பி வந்தார். தகப்பன் இழந்த அதே தலைமைத் துபாஷி உத்தியோகத்தில் உட்கார்ந்தார்.

தகப்பனுக்கு ஆறு மாதத் தவணை வைத்தும் கிடைக்காத ஞானஸ்நானம், மகனிடத்தில் தானாய் வந்தது. உண்மையான விசுவாசத்தினாலா, அல்லது துபாஷி கிறிஸ்தவனாயிருக்க வேண்டும் என்ற பழைய வாயை அடைத்துவிடும் சாமர்த்தியத்தினாலா என்று சிலர் கேட்பார்கள். மனிதன் இருதயத்தை ஆண்டவர் ஒருவரே அறிவார். ஒன்று மட்டும் நமக்குத் தெரிகிறது: கிறிஸ்தவர்கள் கையால் தகப்பனை இழந்த ஒருவர், அந்த வேதத்தையே வெறுத்துவிட எல்லாக் காரணமும் இருந்தும், அதில் சேர்ந்தார். எபேரையும் வேதத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்த்தாரோ என்னவோ. புதுவையில் அன்றைக்கு அப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

ஷெவாலியே குருவப்ப பிள்ளை அந்த மகிமையை நெடுநாள் அனுபவிக்கவில்லை. வந்த இரண்டே வருஷத்தில், 1724-ல், காலமானார். பதவி மறுபடியும் கிறிஸ்தவ முதலியார் குடும்பத்துக்குப் போயிற்று. கனகராய முதலியார் 1746-ல் தாம் சாகும்வரை அதை வகித்தார்.

நியாயஸ்தலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சு தேசத்துச் சட்டத் தொகுதிகள் புதுவையில் அமுலுக்கு வந்தது 1819-ல்தான், அதாவது நைனியப்பர் வழக்குக்கு நூறு வருஷத்துக்குப் பின். அதற்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழ் வக்கீல், ஐரோப்பிய உடையும் காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவரும் விடவில்லை. பாரீஸிலுள்ள உயர்ந்த நீதிமன்றம்வரை போய் அந்தத் தண்டனையைத் தள்ளச் செய்தார். புதுவையில் கிடைக்காத நியாயத்தைத் தேடி நம்மவர் பாரீஸ் வரைக்கும் போனது அது முதல் தடவை அல்ல என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

திருவேங்கடம் பிள்ளையின் மகன் ஆனந்தரங்கர் வளர்ந்து பெரியவரானார். 1736-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கனகராய முதலியாருக்குப் பின் தாமே துபாஷியுமானார். 1745-ல் கனகராய முதலியார் நம் வில்லியனூருக்குப் போகிற வழியிலுள்ள ஒழுகரையில் ஒரு கோவில் கட்டி முடித்து, அதற்காகப் பெரிய விருந்து செய்தார். கிறிஸ்தவர்களை மட்டும் அவர் அழைக்கவில்லை. பட்டணத்திலுள்ள சகல சாதியாரையும் அழைத்து, அவரவர் வழக்கப்படி தனித்தனியே சமையல் செய்வித்துச் சாப்பாடு போட்டார்; கவர்னர் துய்ப்ளேக்ஸும் வந்திருந்தார். அந்த நாளில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவைத்திருப்பவர், கோட்டைச் சிறையில் இறந்த கைதியின் மருமகனான அந்த ஆனந்தரங்கரே.